செம்பவாங்கும் மின்கிட்டாரும்: ஒரு வரலாற்றுப் பார்வை



செம்பவாங்கைப் பற்றி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் கப்பல் பட்டறையை எழுதுவார்கள். வெந்நீர் ஊற்றை எழுதுவார்கள். மின்கிட்டாரை எவரும் எழுதுவதில்லை. ஆயினும், 1960-களில் சிங்கப்பூர் இளையர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட அக்கருவியின் கதையில் இவ்வட்டாரத்திற்கும் பங்குண்டு. "கிட்டார் வாசிப்பது பொழுதுபோக்குத்தானே, அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடற்படைத் தளமும் இசையும்

பிரிட்டிஷார் செம்பவாங்கில் கட்டிய கடற்படைத் தளம் 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராக அங்கு வேலைக்கு அமர்ந்தனர். போருக்குப் பின்னரும் தளம் தொடர்ந்து இயங்கியது. கேன்பரா, வெல்லிங்டன், ஜிப்ரால்டர் என இன்றும் நாம் காணும் சாலைப் பெயர்கள் அக்காலத்தின் எச்சங்களே.

மாலுமிகளும் படைவீரர்களும் பொழுதுபோக்க இசை வேண்டும் அல்லவா? 1960-களில் பிரிட்டிஷ் தளங்களின் மனமகிழ் மன்றங்களில் உள்ளூர் இளையர்களின் இசைக்குழுக்கள் வாசித்தன. லண்டனில் எந்த இசைத்தட்டு புகழ்பெறுகிறது என்பதை நன்கறிந்த ரசிகர்கள் எதிரே அமர்ந்திருந்தனர். அவர்களை நிறைவு செய்வது எளிதன்று. பாடல் மட்டும் ஒத்திருந்தால் போதாது; இசைத்தட்டில் கேட்ட அதே ஒலியும் வேண்டும். இங்கேதான் கருவிகளின் கதை தொடங்குகிறது.

ஒலி பிறக்கும் விதம்

வீணைக்குக் குடம் எப்படியோ, மின்கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் அப்படி. மின்கிட்டாரின் உடல் பெரும்பாலும் கட்டையான மரம். தானாக அது உரக்க ஒலிக்காது. கம்பிகளுக்கு அடியில் 'பிக்கப்' என்னும் சிறு பகுதி இருக்கும். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுபட்டுச் செப்புச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். அதை ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் பன்மடங்காகப் பெருக்கி ஒலிபெருக்கியை அசைக்கும். நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப்பில் ஒலி எழாது. மின்காந்தப் பாடத்திற்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இம்முறைக்கு அமெரிக்காவின் ஜார்ஜ் போஷாம்ப் 1937இல் காப்புரிமை பெற்றார். 1954இல் ஃபெண்டர் நிறுவனம் மூன்று பிக்கப்புகள் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது.

1961 நவம்பர்

அந்த மாதம் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்து, கேலாங்கின் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் நிகழ்ச்சி படைத்தனர். நம் இளையர்களிடையே கிட்டார்க் குழுக்கள் பெருகியதற்கு இதுவே பெருந்தூண்டுதல் என்பர். ஷேடோஸின் முதன்மைக் கிட்டார்க் கலைஞர் ஹேங்க் மார்வின். அவருடைய தெளிந்த, மணியொத்த ஒலி மூன்று கருவிகளின் கூட்டு விளைவு: ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர், எதிரொலிக் கருவி.

அந்த எதிரொலிக் கருவியில் காந்த நாடா ஒரு வளையமாகச் சுழலும். ஒரு முனை ஒலியைப் பதியும். சற்றுத் தள்ளியுள்ள முனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் திரும்ப ஒலிக்கும். மலையடிவாரத்தில் நின்று கூவினால் கேட்பதுபோன்ற எதிரொலி ஒரு பெட்டிக்குள் பிறந்துவிடும்.

மேடை வேறு, ஒலிப்பதிவுக் கூடம் வேறு

அக்கால மேடைகளில் அரங்க ஒலிபெருக்கி பாடகரின் குரலுக்கே பெரும்பாலும் பயன்பட்டது. கிட்டாரின் ஒலி கடைசி வரிசையை எட்டவேண்டுமானால், கலைஞனின் பின்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபையரே அதைச் செய்தாகவேண்டும். வாக்ஸ் ஏசி-30இன் திறன் 30 வாட். பீட்டில்ஸ் 1965இல் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 100 வாட் ஆம்ப்ளிஃபையர்களுடன் வாசித்தபோதும், ரசிகர்களின் கூச்சலே மேலோங்கியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் தேவை தலைகீழானது. அங்கு உரத்த ஒலி வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரின் முன் ஓர் ஒலிவாங்கியை வைத்துவிட்டால் போதும். ஆனால், மேடையில் எவர் காதிலும் படாத இரைச்சலும் விரல் உரசலும் நாடாவில் அப்படியே பதிந்துவிடும். ஒன்று அல்லது இரண்டு தடங்களில் பதிவு செய்த காலத்தில் குழுவினர் அனைவரும் ஒருங்கே வாசிப்பதே வழக்கம். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மேடைக்கு வலிமை, கூடத்திற்குத் துல்லியம். இரண்டையும் கைவரப்பெற்றவர்களே நிலைத்தனர்.

அவ்வாறு நிலைத்த உள்ளூர்க் குழு 'தி குவெஸ்ட்ஸ்'. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் 1961இல் தொடங்கிய குழு இது. பள்ளி இதழின் பெயரே குழுவின் பெயராயிற்று. ஷேடோஸின் வழியில் வாசிக்கத் தொடங்கிய இவர்களோடு, இந்திய வம்சாவளியினரான ரெஜி வர்கீஸ் முதன்மைக் கிட்டார்க் கலைஞராகப் பின்னர் இணைந்தார். 1964இல் வெளிவந்த இவர்களின் 'ஷான்ட்டி' பாடகரே இல்லாத கருவியிசை. குழுவினர் தாமே இயற்றியது. அது பீட்டில்ஸின் பாடலைப் பின்தள்ளிச் சிங்கப்பூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறர் ஒலியைப் பார்த்து எழுதப் பழகிய கை, சொந்தமாக ஒன்றை எழுதிக் காட்டியது.

தளம் ஓய்ந்தபோது

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. 1968இலேயே பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறையானது. கடற்படைத் தளத்தில் உழைத்த இந்தியத் தொழிலாளர் பலர் தாயகம் திரும்பினர். இசைக்குழுக்களோ தம் ரசிகர்களில் ஒரு பெரும்பகுதியை இழந்தன.

அதனுடன் 'மஞ்சள் கலாசாரம்' பற்றிய அச்சமும் சேர்ந்தது. நீண்ட முடியும் கிட்டாரும் போதைப்பொருளும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன. 1972இல் புகழ்பெற்ற லெட் செப்பலின் குழு நீண்ட முடியின் காரணமாக இங்கு நிகழ்ச்சி நடத்த இயலாமற்போனது. போதைப்பொருள் பற்றிய கவலை நியாயமானதே. எனினும், காது கொடுத்துப் பயின்ற ஒரு தலைமுறையின் திறனும் அந்த மூட்டைக்குள் சிக்கியதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தமிழிசையுலகம் வேறு பாடம் தருகிறது. இளையராஜாவே கிட்டார் பயின்றவர். அவருடைய பாடல்களில் அக்கருவி பெற்ற இடத்தை நாம் அறிவோம். யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின்சார மாண்டலினை ஐந்து தந்திகளுடன் அமைத்துக்கொண்டு கருநாடக இசையின் கமகங்களை அதில் எழுப்பினார். கருவி அயலது, இசை நமது.

ஆகவே, பெற்றோரே, பிள்ளை கிட்டார் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். எந்த ஒலியை எழுப்ப விரும்புகிறாய், அது எவ்வாறு பிறக்கிறது என்று கேளுங்கள். விடை தேடுகையில் அறிவியலும் வரலாறும் கூடவே வரும். ஆசிரிய நண்பர்களே, செம்பவாங் பற்றி அடுத்தமுறை கட்டுரை எழுதச் சொல்லும்போது, தாத்தா பாட்டியிடம் ஒரு வினாவைச் சேர்த்துக் கேட்டுவரச் சொல்லுங்கள்: "தளம் இருந்த காலத்தில் இங்கு என்ன இசை கேட்டது?" அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.