ஒலிப்பதிவில் புகுந்த கரன்ட் இரைச்சல் - ஒரு சின்ன வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயில், ஓடைகள், பளியர் குடியிருப்பு, 1988ல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம்... பாட்டோ பறவைக் குரலோ பதிவு செய்ய நல்ல இடம்தான். ஆனால் அங்கேயும் ஒரு வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை சார்ஜரோடு வைத்துப் பதிவு செய்தால், பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஓடக்கூடும். சார்ஜரைப் பிடுங்கியதும் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த ரீங்காரத்துக்கு வயது என்ன தெரியுமா? ஏறக்குறைய நூறு!

1902ல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. பாடகர் கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். கரகரப்பு உண்டு, ஆனால் ரீங்காரம் இல்லை. 1925 வாக்கில் மைக்கும் வால்வு பெருக்கியும் ஒலிப்பதிவுக்கு வந்தன. மைக் தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது, பக்கத்துக் கம்பியிலிருந்து ஏறிய கரன்ட்டும் சேர்ந்தே பெருகிவிடுகிறது.

நம் பக்கம் பைக்காரா 1932லும் பாபநாசம் 1944லும் மின்சாரம் தரத் தொடங்கின. 1936ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற ஆலைகள் பெருகின. ஊரெல்லாம் கம்பி, மோட்டார், டிரான்ஸ்பார்மர். இந்த மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. அதனால் ரீங்காரமும் 50, 100, 150 என்ற அலைவெண்களில் வருகிறது. ஆண் குரலின் அடிச்சுருதியும் 100ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பிறகு மென்பொருளில் ரீங்காரத்தை வெட்டினால் குரலிலும் கொஞ்சம் போகும். ஒரு பெரியவர் பாடும் பழைய பாட்டை மறுபடி பதிவு செய்ய வாய்ப்பில்லை என்றால், இது சின்ன விஷயமா?

மருந்து நோயைவிடப் பழையது. 1881லேயே கிரகாம் பெல் தொலைபேசிக்காக இரண்டு கம்பிகளை முறுக்கிவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்க் குரல் மட்டும் மிஞ்சும். இன்றைய மூன்று முனை மைக் கேபிளும் இதே கணக்குதான். 1955ல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இதே யோசனையை கிடாருக்குக் கொண்டுபோனார்.

இரைச்சல் ஒழிப்பு என்றதும் நினைவுக்கு வரும் ரே டால்பிக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக இங்கே இருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. 1965ல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார். மெல்லிய ஒலியை உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது தாழ்த்தினால், நாடாவின் 'ஸ்ஸ்'ஸும் கூடவே தாழும். அபாரம்தான். ஆனால் மைக்கிலேயே ஏறிவிட்ட 'ம்ம்'முக்கு டால்பியாலும் ஒன்றும் செய்ய முடியாது!

அதை வேரிலேயே தவிர்த்தவர் குடெல்ஸ்கி. 1951ல் அவர் செய்த நாக்ரா கருவி, சாவி கொடுத்து ஓடுவது, வால்வுகளுக்கு பேட்டரி. சுவரோடு தொடர்பே இல்லை.

மடிக்கணினியிலும் அதே வழிதான் முதலில். இரண்டு முள் சார்ஜரின் கசிவு கரன்ட்டாலோ, மூன்று முள் சார்ஜரும் ஆம்ப்ளிபயரும் வேறு வேறு பிளக்கில் இருப்பதால் உண்டாகும் எர்த் வளையத்தாலோ சத்தம் வரும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகலாம், இடையில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். சிலர் எர்த் முள்ளையே ஒடித்துவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், ஆனால் பழுதான பெட்டியைத் தொட்டால் உயிரே போகலாம். அதை மட்டும் செய்யவே கூடாது.

செண்பகத்தோப்புக்குப் போகிறவர்கள் முந்தின இரவே முழுசாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும் வேண்டும்.