படுக்கையும் அளவுகோலும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. மாணவருக்கும் கோயிற் பணியாளருக்குமாக 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலசாலையை 11ஆம் நூற்றாண்டிலேயே அது குறித்து வைத்திருக்கிறது. பணி செய்வோர் நோயுற்றால், பணி கொள்வோரே பேண வேண்டும் என்னும் அறம் நம் மண்ணில் அத்துணைப் பழமையானது.

ஆயின், நோய் வருமுன் காப்பது யார் கடன்?

ரப்பர் ஆலைகளில் கரைப்பானாகப் பயன்பட்ட பென்சீன், மூச்சில் கலந்து எலும்பு மச்சையைச் சிதைப்பது. சுவீடனில் மிதிவண்டி டயர் செய்த பெண்கள் சிலர் அதனால் மாண்டதை 1897இல் சாண்டெசன் என்னும் அறிஞர் பதிவு செய்தார். அமெரிக்க அரசோ, பணியிடக் காற்றில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்கு என்றிருந்த வரம்பை 1978இல்தான் 1 பங்காகக் குறைத்தது. பழைய வரம்பில் குறிப்பிடத்தக்க தீங்கு உண்டென அரசு நிறுவவில்லை என்று கூறி, 1980இல் உச்சநீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. 1987இல் அதே வரம்பு மீண்டது. போபால் துயரின் விளைவாக, அதே ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்திலும் நச்சுப்பொருள் வரம்புப் பட்டியல் இடம்பெற்றது.

சாண்டெசனின் பதிவுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே 90 ஆண்டுகள்! நோயுற்றவனுக்குப் படுக்கை தருவது இரக்கம். அவனைப் படுக்கையில் விழாமற் காப்பதே நீதி.