தோலும் சுண்ணாம்பும் அமானிதமும்

பம்பாய் நகரில் துறைமுக ரயில் பாதையிற் செல்லும் தமிழருக்குச் சுனாபட்டி என்னும் பெயர் புதியதன்று. 'சுனா' என்பது சுண்ணாம்பு. 'பட்டி' என்பது உலை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சுண்ணாம்புக் காளவாய். காளவாய்கள் மறைந்துவிட்டன, பெயர் நின்றுவிட்டது. அங்கிருந்து சற்றே மேற்கில் உள்ள தாராவியின் வரலாற்றிலும் சுண்ணாம்புக்கு ஓர் இடம் உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்க அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது பதனிடும் தொழிலின் தொடக்க வேலைகளுள் ஒன்று.

கோலி மீனவர்களின் ஊராக இருந்த தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் தொழிலைக் கொண்டுவந்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையினர். ஊரைவிட்டு ஊர் வந்த மனிதர் முதலில் தேடுவது கூலி. அடுத்துத் தேடுவது வழிபாட்டிற்கு ஓர் இடம். 1887-ஆம் ஆண்டில் அவர்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசல், தாராவியின் மிகப் பழமையான பள்ளிவாசலாகச் சொல்லப்படுகிறது. பதனிடும் கூடங்கள் பிற்காலத்தில் தாராவியை விட்டு அகற்றப்பட்டன. தோற்பொருட் கடைகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. ஆனால் கூடங்களின் கழிவு அதற்கு முன்பே கழிமுகத்திற் கலந்துவிட்டது. மீன் பிடித்தவர்களின் பிழைப்பு அதனால் நலிந்ததை நாம் மறைத்துப் பேசுவதற்கில்லை.

இதே கதை தமிழ்நாட்டிலே பெரிய அளவில் நிகழ்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பு வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாற்றங்கரை நிலத்தில் உப்பும் இரசாயனமும் ஏறின. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டில் வெளிவந்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிடுகிறது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அங்கே ஆலை முதலாளிகளில் முஸ்லிம்கள் பலர். கிணறு கெட்டுத் தவித்தவர்களிலும் முஸ்லிம்கள் உண்டு. கழிவு நீர் எவருடைய மதத்தையும் கேட்டு நிற்பதில்லை.

இச்செயலைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. கேள்வி புதியது, விடைக்குரிய சொற்கள் பழையவை. பூமியில் மனிதனுக்குத் திருக்குர்ஆன் அளிக்கும் நிலை 'கலீஃபா' என்பது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம்மைப் போன்றோருக்கு இச்சொல் ஒரு சோதனை. 'அதிபதி' என்று பெயர்த்தால் பூமி மனிதனுடைய சொத்தாகிவிடும்; 'பிரதிநிதி' என்றால், உடையவன் வேறொருவன் என்பதும் கணக்குக் கேட்கப்படும் என்பதும் உடன் விளங்கும். நாம் இரண்டாவதையே தேர்வோம். தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் வழங்கும் 'அமானிதம்' என்ற சொல்லும் இதற்கு அரண்: ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை நாம் செலவழித்துவிடலாகாது.

கொள்கை மட்டுமன்று, நடைமுறையும் இருந்தது. 'ஹிமா' எனப்படும் காப்பு மேய்ச்சல் நிலங்கள் அரேபியாவில் இஸ்லாத்திற்கு முன்பே உண்டு. வலியவர்கள் தம் மந்தைக்கென வளைத்துக்கொண்ட நிலங்கள் அவை. நபிகள் நாயகம் அவ்வழக்கத்தை மாற்றிப் பொது நன்மைக்கு உரியதாக்கினார்கள். இரண்டாம் கலீஃபாவாகிய உமர், ஹிமாவின் காவலராக ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது இட்ட கட்டளை நம் கவனத்திற்கு உரியது. சில ஆடுகளும் சில ஒட்டகங்களுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு, உஸ்மான் போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தடுக்குமாறும் அவர் பணித்தார். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு அரசின் வாயிலில் வந்து நிற்பான் என்பது அவர் கூறிய காரணம். உஸ்மான் பின்னாளில் மூன்றாம் கலீஃபாவானவர் என்பதை நினைத்தால் கட்டளையின் துணிவு தெரியும். இயற்கைக் காப்பு என்ற பெயரில் ஏழையை முதலில் வெளியேற்றும் நம் காலத்து வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

புதிய கால விவாதத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஈரானிய அறிஞர் சையித் ஹுசைன் நஸ்ர். 1966-ஆம் ஆண்டிலேயே சிகாகோ பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில், இயற்கையின் நெருக்கடி ஆன்மிக நெருக்கடியின் வெளித்தோற்றமே என அவர் வாதித்தார். அவ்வாதத்தைச் செயலாக்கியவர்களுள் தலையானவர் ஃபஸ்லுன் காலித். இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இவர், சூழலியலுக்கென ஓர் இஸ்லாமிய நிறுவனத்தை நிறுவினார். கிழக்காப்பிரிக்காவின் பெம்பாத் தீவுக்கு அருகில் மிசாலி என்ற சிறு தீவு உண்டு. அதன் பெயர் தொழுகை விரிப்பைக் குறிப்பது என்பது மீனவர்களின் ஐதிகம். அச்சுற்றுக் கடலில் மீனவர் சிலர் வெடி வைத்துப் பவளப் பாறைகளைத் தகர்த்து மீன் பிடித்தனர். அரசாங்கத் தடையும் அச்சிட்ட அறிவிப்புகளும் பயனளிக்கவில்லை. 1990-களின் இறுதியில், படைப்பையும் அதன் பாதுகாப்பையும் பற்றிய திருக்குர்ஆன் போதனைகளை அவருடைய நிறுவனத்தார் அங்குள்ள மார்க்க அறிஞர்களோடும் மீனவர்களோடும் அமர்ந்து ஆராய்ந்தனர். அதன் பிறகே மீனவர் பலர் வெடியைக் கைவிட்டனர்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். இந்தோனேசிய உலமாப் பேரவை 2014-இல் காட்டு விலங்குகளைக் காக்கவும், 2016-இல் காடு எரிப்பதற்கு எதிராகவும் மார்க்கத் தீர்ப்புகள் வழங்கியது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய அறிஞர்கள், பருவநிலை மாற்றம் பற்றிய இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டு, நிலக்கரி, எண்ணெய் இவற்றின் புகையிலிருந்து இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உலகம் விடுபட வேண்டுமென்றனர். எண்ணெய் வளமிக்க நாடுகளையும் அது விளித்தது. 2024 பிப்ரவரியில் நைரோபியில் 'அல்-மீஸான்' என்ற சாசனம் வெளியாயிற்று; மீஸான் என்றால் தராசு. பிரகடனங்கள் மிகுந்த அளவுக்குப் புகை குறையவில்லை என்பதும் உண்மையே.

பம்பாய்த் தமிழருக்கு இது தொலைவான விஷயம் அன்று. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு குர்லாவையும் தாராவியையும் மூழ்கடித்ததை அந்நகரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பெருமழைகள் வெப்பம் ஏறிய உலகில் மிகும் என்பது அறிவியலார் கணிப்பு. அன்று கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒரே நீர் புகுந்தது.

மற்ற நாளெல்லாம் அதே குடியிருப்புகளில் குழாய் நீர் சில மணி நேரமே வருகிறது. நபிகள் நாயகம் ஒளுச் செய்யப் பயன்படுத்திய நீர் ஒரு 'முத்து' அளவு என ஹதீஸ் நூல்கள் கூறும். இரு கைகளையும் குவித்து ஏந்தும் அளவு, முக்கால் லிட்டருக்கும் குறைவானது. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பதும் அவர்கள் போதனையாகச் சொல்லப்படுகிறது. திறந்துவிட்ட குழாயின் கீழ் அதைப் போலப் பன்மடங்கு நீர் நொடிகளில் ஓடிவிடும். பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் என்னும் நீர்த்தொட்டியைச் சுற்றி அமர்ந்து ஒளுச் செய்தபோது, கையில் அள்ளியது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2019-இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் பள்ளிவாசலில் மழைநீரைத் தேக்கிக் கழிப்பறைகளுக்கும் தோட்டத்திற்கும் பயன்படுத்த ஏற்பாடு செய்துள்ளனர். மழை நம் கரையில் அதைவிட மிகுதி.