மரத்த விழியும் மயங்காத மனமும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில், கண்புரையால் பார்வை இழந்த முதியோர் பலர் கத்திக்கும் அதன் வலிக்கும் அஞ்சியே இருளில் நாள் கழித்த காலம் ஒன்று இருந்தது. நம் இல்லங்களில் இன்னோர் அச்சமும் உடன் சேர்ந்தது. வலி தணிக்கப் போதைப்பொருள் தருவார்களோ, அது மார்க்கத்துக்கு அடுக்குமோ என்பதே அது. இவ்விரண்டு அச்சங்களுக்கும் வரலாறு தரும் விடையை ஈண்டுக் காண்போம்.

கண் மருத்துவ வரலாற்றில் நம் முன்னோர்க்குச் சிறப்பிடம் உண்டு. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். இப்னு ஸீனா தம் ‘அல்-கானூன்’ நூலில், அபினை உணர்வை மரக்கச் செய்யும் மருந்துகளுள் வைத்தார். அபின் வலியைத் தணிக்கும். ஆனால் அறிவை மயக்கும், மூச்சைத் தளர்த்தும், அளவு மிஞ்சின் உயிரையும் பறிக்கும். அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்ய இயலாதா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது.

விடை கண் மருத்துவத்திலேயே பிறந்தது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் இளம் மருத்துவர், கொக்கேய்ன் கரைசலைக் கண்ணில் சொட்டாக இட்டு, அது மரத்துப் போவதை மெய்ப்பித்தார். ஆயினும் கொக்கேய்னும் மனிதனை அடிமை கொள்ளும் பொருளே. 1905இல் புரோக்கேய்ன் வந்தது. 1943இல் சுவீடனில் லிடோக்கேய்ன் உருவானது. இவை வலிச் செய்தியை நரம்பிலேயே தடுத்து நிறுத்துவன. போதை தருவன அல்ல.

இந்த அறிவின் பயனை மதுரை மண்ணுக்குப் பெருமளவில் கொணர்ந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பயின்றவர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தொடங்கினார். ஊர்தோறும் கண் முகாம் நடத்தி ஏழை எளியோரை அழைத்து வந்தனர். 1992இல் அரோலேப் நிறுவப்பட்டு, கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகள் குறைந்த விலையில் கிடைத்தன.

முற்காலத்தில் பெரிய கீறலிட்டுத் தையல் போட்டனர். நோயாளி அசையாது படுத்திருக்க நேர்ந்தது. இன்றோ கண்ணருகே போடும் ஊசியோ, சொட்டு மருந்தோ கண்ணை மரக்கச் செய்ய, தையல் தேவைப்படாத சிறு கீறலின் வழியே பணி முடிகிறது. புண் சிறிதாதலின் வலியும் சிறிது. பிறகு பெரும்பாலோர்க்கு வீக்கம் தணிக்கும் சொட்டு மருந்தும், வேண்டின் பாராசிட்டமால் மாத்திரையுமே போதும். இதனையும் மீறிக் கடும் வலியோ, பார்வை மங்கலோ தோன்றினால் மாத்திரையால் அதனை அமுக்கி வைத்தல் கூடாது. கிருமித் தொற்றோ கண் அழுத்தமோ காரணமாகலாம். உடனே மருத்துவரை நாட வேண்டும்.

எனினும், எல்லா அறுவைகளும் கண்ணறுவை போன்றவை அல்ல. வயிற்றையோ நெஞ்சையோ திறந்து செய்யும் பெரும் அறுவைக்குப் பின், நரம்பை மரக்கச் செய்யும் ஊசியையும் போதை தராத மாத்திரைகளையும் இணைத்துத் தருவதால் அபின் வழி மருந்தின் தேவை குறைகிறது. சிலர்க்கு அறவே நீங்குவதில்லை. மாத்திரைகளிலும் எச்சரிக்கை வேண்டும்: சிறுநீரகக் கோளாறும் குடற்புண்ணும் உடையோர்க்கு, வீக்கம் தணிக்கும் மாத்திரைகள் சில தீங்கு செய்யும். ஆகவே நம் உடற்குறைகளை மருத்துவரிடம் மறைத்தல் தகாது.

போதையை விலக்கிய மார்க்கம், நோய்க்கு மருந்து தேடவும் பணித்திருக்கிறது. வேறு வழியின்றி மருத்துவர் அளவோடு தரும் வலிநீக்கி, இன்பத்துக்காக உண்ணும் போதையோடு ஒன்றாகாது. தேவை கருதி அதனை ஏற்கலாம் என்பதே மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. தாங்கவொண்ணா வலியில் ஒருவரைத் துடிக்க விடுவது பேணுதல் ஆகாது.

ஆதலின், வீட்டுத் திண்ணையில் கண் மங்கி அமர்ந்திருக்கும் பெரியவர்க்கு நாம் இதனை விளக்கிச் சொல்வோம். தம் பேரப்பிள்ளையின் முகத்தையும் குர்ஆனின் எழுத்துகளையும் அவர்கள் மீண்டும் காண, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!