ஒரே ஒரு கஸ்டமர், நூறு வருஷ ரெக்கார்டு: கொடைக்கானல் சொல்லும் டேட்டா கதை

இந்த எபிசோடை ஒரு சின்ன ஆபீஸ் கதையோட ஆரம்பிக்கிறேன். அப்புறம் கொடைக்கானல் மலைக்கு ஏறிடலாம்.

போன வருஷம் நான் வேலை பார்த்த டீம்ல மொத்தம் அஞ்சு பேர். கஸ்டமர் விவரம் எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்ல இருந்துச்சு. பேர், போன் நம்பர், என்ன வாங்கினாங்க, எப்ப பேசினோம், எல்லாமே. ஒரு கட்டத்துல ஷீட் தாங்கல. புதுசா ஒரு சிஆர்எம் வாங்கினோம். ஷீட்டை சிஎஸ்வி ஃபைலா இறக்கினோம், எந்தக் காலம் எந்த ஃபீல்டுக்குப் போகணும்னு மேப்பிங் போட்டோம், இம்போர்ட் பட்டனை அழுத்தினோம். இருபது நிமிஷம். ஒரு எர்ரர் கூட இல்ல. டீ குடிச்சு கொண்டாடினோம்.

திங்கட்கிழமை மதியம் ஒரு பழைய கஸ்டமருக்கு போன் பண்ணேன். எடுத்த அக்கா மெதுவான குரல்ல கேட்டாங்க: "ஏம்ப்பா, மதியம் கூப்பிடாதீங்கன்னு போன தடவையே சொன்னேன்ல? அப்பாவுக்கு முடியல, இந்த நேரம்தான் கொஞ்சம் கண் அசருவார்."

அவங்க சொன்னது உண்மை. எங்க டீம்ல ஒருத்தர் அதைக் குறிச்சும் வெச்சிருந்தார். ஆனா அந்த செல் மேல ஒரு கமெண்டா வெச்சிருந்தார். சிஎஸ்வி-ன்னா வெறும் எழுத்தும் எண்ணும்தான். கமெண்ட் வராது, செல்லோட நிறமும் வராது. எங்க ஷீட்ல மஞ்சள் நிறம்னா "பணம் பாக்கி"ன்னு அர்த்தம். அது எந்தக் காலத்துலயும் எழுதி இருக்கல, எங்க அஞ்சு பேர் தலையில மட்டும் இருந்துச்சு. இம்போர்ட் முடிஞ்சதும் எல்லா கஸ்டமரும் ஒரே வெள்ளை.

எர்ரரே இல்லாம முடிஞ்ச ஒரு இம்போர்ட்ல எங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துல பாதி காணாமப் போயிருந்துச்சு. இதே சிக்கலை நூறு வருஷ அளவுல சந்திச்ச ஒரு இடம் நம்ம பழனி மலைத்தொடர்ல இருக்கு: கொடைக்கானல் சூரிய ஆய்வகம். அவங்களுக்கு ஒரே ஒரு கஸ்டமர்தான். பேரு சூரியன்.

மெட்ராஸில் தொடங்கிய கணக்கு

கதை சென்னையில ஆரம்பிக்குது. 1786-ல் வில்லியம் பெட்ரி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமா ஒரு வானாய்வுக் கூடம் வெச்சிருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கிட்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் கட்டியது. அந்த மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் இன்னைக்கும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துல நிற்குது. அதுல தமிழிலும் கல்வெட்டு இருக்கு.

1861-ல் நார்மன் போக்சன் அங்கே பொறுப்புக்கு வந்தார். 30 வருஷம் இருந்தார். ரொம்பச் சின்ன டீம். அதுல ஒருத்தர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஆர் ரெடிகுலி என்கிற மாறொளி விண்மீனை அடையாளம் கண்டவர் இவர்தான். ராத்திரி ராத்திரியா விண்மீன்களோட இடத்தை அளந்து எழுதிக்கிட்டே இருந்தாங்க. ஆனா எழுதினதைக் கணக்குப் போட்டு, திருத்தி, அச்சுக்குக் கொண்டு போற வேலை பின்தங்கிக்கிட்டே போச்சு. 1891-ல் போக்சன் இறந்தப்போ, 1862 முதல் 1887 வரையிலான அளவீடுகளில் பெரும்பகுதி அச்சாகாமலே கிடந்தது.

இது எந்த ஸ்டார்ட்அப்புக்கும் தெரிஞ்ச சூழ்நிலைதான். டேட்டா குவிஞ்சு கிடக்கு, அதைப் புரிஞ்சவர் போயிட்டார். அடுத்து வந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியரா இருந்தவர். புது ஆய்வகம் கட்டுற வேலையோட சேர்த்து, இந்தப் பழைய பாக்கியையும் அவர் ஒவ்வொரு தொகுதியா அச்சுக்குக் கொண்டு வந்தார். பழையதை முடிச்சுக் கொடுக்காம புது இடத்துக்குப் போகலை. இது முக்கியம், மறந்துடாதீங்க.

பஞ்சம் தள்ளிய மலையேற்றம்

சரி, ஏன் மலைக்குப் போனாங்க? காரணம் ஒரு பஞ்சம். 1876-78 பெரும்பஞ்சம், நம்ம ஊர்ல தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்க. லட்சக்கணக்கான மக்கள் செத்தாங்க. மழை ஏன் பொய்க்குதுன்னு அரசாங்கம் யோசிச்சப்போ, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஒரு எண்ணம் அன்னைக்கு வலுவா இருந்துச்சு. அப்படின்னா சூரியனைத் தினமும் பார்க்கணும், படம் எடுக்கணும். அதுக்குத் தூசியும் வெக்கையும் குறைஞ்ச உயரமான இடம் வேணும்.

மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர். 1895-ல் அடிக்கல் நாட்டினாங்க. 1899 ஏப்ரல் 1-ல் வானியல் வேலை அதிகாரபூர்வமா மெட்ராஸிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. அப்போ மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூர் வரைக்கும் ரயில். இப்போ நாம கொடை ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டு வண்டி, அதுக்கு மேல மலைப்பாதை.

அந்த வருஷத்தையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சரியா நூறு வருஷம் கழிச்சு, 1999-ல் சான் பிரான்சிஸ்கோவில் சேல்ஸ்ஃபோர்ஸ் தொடங்குது. கஸ்டமர் விவரத்தைச் சொந்தக் கம்ப்யூட்டர்ல வைக்காம இணையத்திலேயே வைக்கலாம்னு ஊரையே நம்ப வெச்ச கம்பெனி அது. 2005-ல் நம்ம சென்னையின் அட்வென்ட்நெட், பின்னாளில் ஸோஹோ, தன்னோட சிஆர்எம்மைக் கொண்டு வந்தது. "எல்லாத்தையும் புது இடத்துக்கு மாத்துங்க" என்கிற பேச்சு சின்ன டீம்கள் வரைக்கும் வந்தது அதுக்கப்புறம்தான்.

தினமும் ஒரு என்ட்ரி

1904-ல் கொடைக்கானலில் சூரியனைத் தினமும் படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. எல்லாம் கண்ணாடித் தட்டில். சாதாரண ஒளியில், சுமார் 20 சென்டிமீட்டர் அகல சூரியன் ஒண்ணு. கால்சியம் கோட்டில் இன்னொண்ணு. 1912-லிருந்து ஹைட்ரஜன் கோட்டிலும். படத்தோட, கையால வரைஞ்ச சூரிய வரைபடங்களும் உண்டு. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிக்குள்ள வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு இங்கேதான் கண்டுபிடிச்சார். அதுக்கு இன்னைக்கும் எவர்ஷெட் விளைவுன்னுதான் பேர்.

மேகம் மூடாத நாளெல்லாம் ஒரு என்ட்ரி. ரெண்டு உலகப் போர் வந்துச்சு, சுதந்திரம் வந்துச்சு, இயக்குநர்கள் மாறினாங்க, கண்ணாடித் தட்டு போய் ஃபிலிம் வந்துச்சு. என்ட்ரி நிற்கலை. மழைக்கும் கரும்புள்ளிக்கும் நேரடித் தொடர்பு அன்னைக்கு நினைச்ச மாதிரி கிடைக்கலை. ஆனா ஒரே இடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல எடுத்த சூரியப் படங்கள் உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம். சூரியனோட 11 வருஷச் சுழற்சியைப் புரிஞ்சுக்க அதுதான் பொக்கிஷம்.

இப்போ இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தணும். இங்கேதான் எங்க மஞ்சள் செல் பிரச்சினை பெரிய உருவத்துல வருது.

மாத்தும்போது என்ன தொலையுது?

முதல் பிரச்சினை, நுணுக்கம். கால்சியம் படங்களை முதல்ல டிஜிட்டல் ஆக்கினது 8-பிட்ல. அதாவது கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் மொத்தம் 256 படிகள்தான். கண்ணாடித் தட்டுல அதைவிட நிறைய இருந்துச்சு. மெல்லிசான வேறுபாடெல்லாம் ஒரே எண்ணுல அமுங்கிப் போச்சு. பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனம் திரும்பவும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சது. 4,096-க்கு 4,096 பிக்ஸல் கேமரா, 16-பிட், அதாவது 65,536 படிகள். இது எப்படி முடிஞ்சது? மூலத் தட்டுகளைத் தூக்கிப் போடாம வெச்சிருந்ததால மட்டும்தான் முடிஞ்சது. "ஸ்கேன் பண்ணியாச்சே, இனி எதுக்கு"ன்னு யாராவது அலமாரியைக் காலி பண்ணியிருந்தா, நமக்கு 256 படிதான் கதி.

ரெண்டாவது, திசை. தட்டுல எது வடக்குன்னு குறி இருக்கணும். ஆரம்ப வருஷத் தட்டுகளில் அந்தக் குறிகள் பிற்காலத் தட்டுகள் மாதிரி ஒரே முறையில இல்லை. அதனால 1921-லிருந்து வந்த படங்களைத்தான் முதல்ல ஒழுங்குபடுத்தினாங்க. 1904 முதல் 1920 வரைக்கும் தனியா உழைச்சுச் சேர்க்க வேண்டி வந்துச்சு. தட்டு திரும்பி இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? சூரியன் தன்னைத்தானே சுத்துது. கரும்புள்ளி ஒரு நாளைக்குச் சுமார் 13 டிகிரி மேற்கே நகரும். நேத்தைய தட்டையும் இன்னைக்குத் தட்டையும் பக்கத்துல வெச்சா, புள்ளி தப்பான பக்கம் போயிருந்தா ஏதோ ஒண்ணு திரும்பியிருக்கு. டேட்டாவே டேட்டாவுக்குச் சாட்சி. வெளிச் சாட்சியும் உண்டு: இங்கிலாந்தின் கிரீன்விச் ஆய்வகம் 1874 முதல் 1976 வரை கரும்புள்ளிக் கணக்கு எழுதி வெச்சிருக்கு. அதோடவும் ஒப்பிடலாம்.

மூணாவது, நேரம். இந்திய நேரம்னு ஒண்ணு 1906 ஜனவரி 1-லிருந்துதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரயில்வே ஓடினது மெட்ராஸ் நேரத்துல, இப்போதைய நேரத்துக்குச் சுமார் ஒன்பது நிமிஷம் பின்னாடி. "8.10" என்று ஒரு பழைய காகிதத்துல இருந்தா, எந்தக் கடிகாரத்தின் 8.10 என்பதுதான் முதல் கேள்வி. நம்ம ஷீட்ல "03/04"-ன்னு இருந்தா மார்ச்சா ஏப்ரலா? அதே கேள்விதான்.

வெற்றிடமும் பூஜ்யமும்

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இது கொடைக்கானல்ல நடந்தது இல்ல, ஆனா இதே துறையில நடந்தது. 1998-ல் டக்ளஸ் ஹாய்ட், கென்னத் ஷாட்டன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைநோக்கி வந்த 1610-லிருந்து யார் யார் எத்தனை கரும்புள்ளிக் கூட்டம் பார்த்தாங்கன்னு ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டு வந்தாங்க. மகத்தான உழைப்பு. ஆனா 17-ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருத்தர் "இந்தக் காலம் முழுக்கப் புள்ளி எதுவும் பார்க்கலை"ன்னு பொதுவா எழுதி வெச்சிருந்தா, அது சில இடங்கள்ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பூஜ்யமா தொகுப்புல ஏறிடுச்சு. அவர் அத்தனை நாளும் தொலைநோக்கியில கண் வெச்சாரா? தெரியாது. பார்க்காத நாளும் "பார்த்தேன், ஒண்ணுமில்லை"ன்னு ஆயிடுச்சு. பின்னாடி வந்தவங்க இதைச் சுட்டிக்காட்டி, அந்தப் பூஜ்யங்களை நீக்கித் திருத்தினாங்க.

பார்க்கலைங்கிறது வேற, பார்த்தேன் இல்லைங்கிறது வேற. கஸ்டமருக்கு போன் பண்ணலைங்கிறது வேற, பண்ணேன் எடுக்கலைங்கிறது வேற. காலி செல்லை எல்லாம் "0"-ன்னு நிரப்புற மென்பொருள் இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிடும். அதுக்கப்புறம் எவ்வளவு அழகா சார்ட் போட்டாலும், அது நடக்காத ஒண்ணைத்தான் காட்டும்.

திரும்ப எங்க ஆபீஸுக்கு

2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா-எல்1 விண்கலம் கிளம்பிச்சு. அதில் இருக்கும் முக்கியக் கருவி ஒண்ணைக் கட்டினதும் இதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். 1904-ல் கண்ணாடித் தட்டுல விழுந்த அதே சூரியனைத்தான் அதுவும் பார்க்குது. இன்னைக்குப் பார்க்கிறது வழக்கமானதா, அதிசயமான்னு சொல்லப் பழைய கணக்கு வேணும். அந்தக் கணக்கை நம்பணும்னா, அது மாத்தப்பட்ட ஒவ்வொரு தடவையும் என்ன ஆச்சுன்னு தெரியணும்.

நாங்க என்ன பண்ணோம்? இம்போர்ட் ஆனதை அழிச்சிட்டு, பழைய ஷீட்டுக்குத் திரும்பினோம். அஞ்சு பேரும் ஒரு மதியம் உட்கார்ந்து, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்னு பேசி, அதைத் தனிக் காலமா எழுதினோம். கமெண்டை எல்லாம் ஒரு காலத்துக்கு இறக்கினோம். காலி செல்லைக் காலியாவே விட்டோம். இருபது கஸ்டமரை மட்டும் முதல்ல ஏத்தி, ஒவ்வொண்ணையும் கண்ணால ஒப்பிட்டுப் பார்த்தோம். அதுக்கப்புறம்தான் மீதி. ரெண்டு நாள் ஆச்சு. பழைய ஷீட்டை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, அப்படியே வெச்சிருக்கோம். அது எங்க கண்ணாடித் தட்டு.

அந்த அக்கா பேருக்கு நேரா இப்போ தனியா ஒரு வரி இருக்கு: "காலை 11 மணிக்குள்ள மட்டும் கூப்பிடவும்."

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.