நாற்காலியும் மேடையும்

நம் எழுத்தாள வட்டாரத்தில் சமரசம் என்பது வசைச் சொல். ஒருவன் சமரசம் செய்துகொண்டுவிட்டான் என்றால் அதற்குமேல் அவனைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதே சொல் வேதாரண்யத்துத் தாயுமானவருக்கு வேதாந்தமும் சித்தாந்தமும் சந்திக்கும் உச்சத்தின் பெயராக இருந்தது. வடலூர் ராமலிங்கர் தம் சங்கத்தின் பெயரிலேயே அதை வைத்தார். ஞானத்தின் சொல் அரசியலுக்கு வந்து அழுக்காகிப்போனதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் ஒரு துண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முற்போக்கு என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒரு அரசு, மதத்தின் பெயரால் திரண்ட பழமைவாதிகளை என்ன செய்வது? உள்ளே உட்கார வைப்பதா, வாசலில் நிறுத்திச் சிரித்துப் பேசி அனுப்புவதா?

இரண்டும் ஒரே நாளில் நடந்தன. 1967 மார்ச் 6ந் தேதி திருவனந்தபுரத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடும் சென்னையில் அண்ணாதுரையும் மந்திரிசபை அமைத்தார்கள். இரண்டு பேரும் காங்கிரஸை வீழ்த்தியவர்கள். இரண்டு பேரும் தேர்தலில் முஸ்லிம் லீகோடு உடன்பாடு கண்டவர்கள். திருவனந்தபுரத்தில் லீகுக்கு இரண்டு மந்திரிகள். சென்னையில் ஒருவரும் இல்லை. ஒன்பது பேர் கொண்ட அண்ணாவின் மந்திரிசபையில் சாதிக் பாட்சா இருந்தார். ஆனால் அவர் தி.மு.க. காரர்.

கணக்கைப் பார்த்தால் இரண்டு இடத்திலுமே லீக் அவசியமில்லை. சென்னையில் 234 இடங்களில் தி.மு.க. தனியாகவே 137. லீகுக்கு மூன்று. கேரளத்தில் 133 இடங்கள். மார்க்ஸிஸ்டுகள் 52, வலது கம்யூனிஸ்டுகள் 19, சம்யுக்த சோஷலிஸ்டுகள் 19. லீகின் பதினான்கை ஒதுக்கிவிட்டாலும் ஆட்சி அமையும். ஆகவே அவசியம் தேர்தலுக்கு முந்தியது. தேர்தலுக்குப் பிறகு நடந்தது வாக்கைக் காப்பாற்றும் விதம் பற்றிய விஷயம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு 'வேறு வழியில்லை' என்று இரண்டு தரப்பு ஆதரவாளர்களும் சொல்லி வந்திருக்கிறார்கள். வழி இருந்தது. இருந்தும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால்தான் இது யோசிக்கத் தக்கதாகிறது.

கேரளத்துக் கதை இன்னும் கூர்மையானது. 1957இல் வந்த முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபை எதனால் விழுந்தது? முண்டசேரியின் கல்வி மசோதா. பள்ளிக்கூடங்களைக் கையில் வைத்திருந்த கத்தோலிக்க சபையும் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் தெருவுக்கு வந்தன. லீகும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு மந்திரிசபையைக் கலைத்தது. அடுத்து 1960இல் காங்கிரஸ் லீகின் தோளில் ஏறி ஜெயித்துவிட்டு மந்திரி பதவி இல்லை என்று கைவிரித்தது. சபாநாயகர் பதவி மட்டும் கொடுத்தார்கள். சீதி சாகிப் காலமானபின் 1961இல் சி. எச். முகமது கோயா அந்த ஆசனத்துக்கு வர லீக் அங்கத்தினர் பதவியையே ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. ஓட்டு வேண்டும், ஆள் வேண்டாம் என்பதன் சுத்தமான உருவம் இது. தீண்டாமையின் அரசியல் ரூபம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட கோயாவுக்குத்தான் 1967இல் ஈ. எம். எஸ். கல்வி இலாகாவைக் கொடுத்தார். எந்த இலாகாவால் தம் முதல் அரசு செத்ததோ அதே இலாகா!

(இந்த ஏழு கட்சி முன்னணியில் இன்னொரு வேடிக்கை உண்டு. கம்யூனிஸ்ட் எதிர்ப்பையே தொழிலாகக் கொண்டிருந்த வடக்கன் பாதிரியார் 1961இல் அமராவதியில் குடியானவர்களை வெளியேற்றியபோது உண்ணாவிரதமிருந்த ஏ. கே. கோபாலனோடு கைகோத்தார். அவருடைய விவசாயி தொழிலாளி கட்சியும் 1967 முன்னணியில் சேர்ந்தது. பாதிரியாரை மார்க்ஸியம் மாற்றவில்லை. காடு திருத்திய குடும்பங்கள் மழையில் நின்ற காட்சி மாற்றிற்று.)

கோயா என்ன செய்தார்? 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. 1969 ஜூன் 16இல் மலப்புறம் ஜில்லா வந்தது. குட்டி பாகிஸ்தான் என்று ஜனசங்கமும், கேளப்பன் போன்ற பழைய காந்தியவாதிகளும் எதிர்த்தார்கள். எழுத்தறிவில் பின்தங்கிக் கிடந்த மலபார் முஸ்லிம் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியது இந்தக் காலத்தை ஒட்டித்தான். மௌல்விகள் ஒரேயடியாக மனம் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கல்வி மந்திரியாக ஒருவன் உட்கார்ந்துவிட்டால் சட்டசபையில் எத்தனை பள்ளி, எத்தனை வாத்தியார், எத்தனை பெண்கள் என்ற கேள்விக்கு அவன் எண்ணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். மிம்பரில் நின்று பேசுகிறவனிடம் யாரும் எண்ணிக்கை கேட்பதில்லை.

லீக் நன்றியோடு இருக்கவில்லை. 1969 அக்டோபரில் வலது கம்யூனிஸ்டுகளோடு வெளியேறி, நவம்பர் 1இல் அமைந்த அச்சுத மேனன் மந்திரிசபையில் கோயா உள்துறை மந்திரியானார். ஈ. எம். எஸ். ஏமாந்தார் என்பார்கள். ஆனால் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தபோது லீக் அரசின் உள்ளேதான் இருந்தது, அதை எதிர்த்து வெளியேறவில்லை. இங்கேதான் கூத்தாநல்லூரிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு விஷயம் பிடிபடுகிறது.

ஒரே பச்சைக் கொடி, அடியில் இருக்கும் மண் வேறு. மலபாரில் ஜன்மி பெரும்பாலும் நம்பூதிரி அல்லது நாயர், குத்தகைக்காரன் மாப்பிள்ளை. 1921இன் ரத்தத்துக்கு அடியிலும் இந்த உறவு உண்டு. பள்ளிவாசலில் எவ்வளவு பழமை பேசினாலும் லீகின் ஓட்டு குத்தகைக்காரன் ஓட்டு. நிலச் சட்டம் அவனுக்கு லாபம். கூத்தாநல்லூர் அப்படியல்ல. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே உள்ள இந்த ஊருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று பெயர். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன சபராளிகள் அனுப்பிய பணம் இங்கே வீடாயிற்று, கடையாயிற்று, வயலும் ஆயிற்று. சுற்றிலும் நெல். அந்த வயலில் இறங்குகிற பண்ணையாள் முஸ்லிம் அல்ல, சேரியிலிருந்து வருகிறவன். ஆக இங்கே லீக் என்பது வணிகரின் மரியாதைக்குரிய அரசியல். காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் திருநெல்வேலிப் பேட்டைக்காரர், சென்னையில் தோல் வியாபாரத்தோடு தொடர்புள்ளவர். அவரை 1962, 67, 71 மூன்று தேர்தல்களிலும் பார்லிமெண்டுக்கு அனுப்பியது மலபாரின் மஞ்சேரித் தொகுதி. வணிகரின் தலைவரைக் குத்தகைக்காரன் தேர்ந்தெடுத்தான். இந்த முரணை லீக் சமாளித்த சாமர்த்தியத்தை நாம் சரியாக ஆராயவே இல்லை.

சென்னையில் லீகுக்கு நாற்காலி இல்லை, மேடை உண்டு. தி.மு.க. பிறப்பதற்கு முன்பிருந்தே டெல்டா ஊர்களில் மீலாது விழாவுக்குத் திராவிடப் பேச்சாளர்களை அழைக்கும் வழக்கம் உண்டு. திருவாரூரில் 'முரசொலி'யை அச்சடித்துக் கொடுத்தவர் கருணை ஜமால். கழகத்தின் பாட்டு நாகூர் ஹனிபாவின் தொண்டையிலிருந்து வந்தது. இவையெல்லாம் பொய்யான உறவுகள் அல்ல. வடக்கின் பல ஊர்களில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இந்த ஸ்நேகிதத்தின் அருமை தெரியும். ஆனால் ஸ்நேகிதத்தில் கணக்குக் கேட்க முடியாது. 1967இல் நிறைவேறி மறுவருஷம் அமலுக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், இந்துத் திருமணச் சட்டத்துக்குச் செய்த திருத்தம். புரோகிதரை விலக்கிய கல்யாணத்துக்குச் சட்ட மரியாதை கொடுத்தது. அதன் எல்லை இந்து. சட்டரீதியில் அப்படித்தான் இருக்க முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிக்காஹ் பற்றி, தலாக் பற்றி, ஜமாஅத்தில் பெண்ணின் ஸ்தானம் பற்றிப் பகுத்தறிவு மேடை ஒரு வார்த்தை பேசாமலிருந்ததற்கு எந்தச் சட்டம் தடை? 1969இல் மீலாது நபிக்கு அரசு விடுமுறை கிடைத்தது. விடுமுறை யாருடைய மனத்தையும் புண்படுத்தாத வெகுமதி.

பேசுவதற்கு ஆள் இல்லாமலில்லை. கும்பகோணத்துப் பக்கத்து தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையில் உலமாக்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர். 1969 வரை உயிரோடு இருந்தார். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டிருந்தார், உ. வே. சாமிநாதையர் பாராட்டிய நூல் அது. 1998 வரை வாழ்ந்தார். தாவூத் ஷாவோ ஜுனைதா பேகமோ பேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு அரசு ஒரு சமூகத்தோடு பேச உட்காரும்போது அந்தச் சமூகத்தின் குரல் எது என்று தேர்ந்தெடுத்துவிடுகிறது. உலமாவும் வணிகரும் முஸ்லிம் என்றால் நாகூரில் எழுதிக்கொண்டிருந்த பெண் யார்? முற்போக்கு அரசின் சமரசத்தில் எனக்கு ஆகாத இடம் இதுதான். ஜுனைதா பேகத்தை நம் சிறுபத்திரிகைகளும் வெகுகாலம் படிக்கவில்லை என்பது வேறு விஷயம், அதுவும் விஷயம்தான்.

வெளியே நிற்கும் பழமைவாதி பலவீனன் என்று நினைக்கிறவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1956இல் பண்டாரநாயக்காவை ஆட்சிக்குக் கொண்டுவந்ததில் பிக்குகளின் முன்னணிக்குப் பெரும் பங்கு. மந்திரிசபையில் பிக்கு யாரும் இல்லை. அதிலிருந்த மார்க்ஸியவாதி பிலிப் குணவர்த்தன. அவர் 1958இல் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்புத் தந்தது. நம் ஊர்க்காரனுக்கு விளக்கம் தேவையில்லாத சட்டம். சக மந்திரிகளே வேலைநிறுத்தம் செய்து பிலிப்பை ஓரங்கட்டினார்கள். செல்வநாயகத்தோடு 1957 ஜூலையில் செய்த ஒப்பந்தத்தை 1958 ஏப்ரல் 9ந் தேதி ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த பிக்குகள் முன்னால் பண்டாரநாயக்கா கைவிட்டார். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவனும் பிக்கு, சதியின் தலைவனும் பிக்கு. பதவி இல்லாததால் எதற்கும் பொறுப்பில்லை; பொறுப்பு இல்லாததால் எல்லையும் இல்லை.

ராஜாஜியின் உதாரணம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. சுதந்திராக் கட்சி 1967இல் இருபது இடங்கள் பெற்றது. ஆசாரத்தில் அவரைவிடப் பழமையானவர் யார்? ஆனாலும் 1952இல் முதல் மந்திரியாக இருந்தபோது தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சி அவர் கையைத் திருகிற்று என்றாலும் கையெழுத்து அவருடையது. பதினைந்து வருஷம் கழித்து அவர் தயவில் வந்த அரசில் அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. 1971இல் மதுவிலக்கை எடுக்காதே என்று கேட்க அந்த வயதில் மழையில் கோபாலபுரத்துக்குப் போனார். ஆகஸ்ட் 30இல் மதுவிலக்கு போயிற்று. அடுத்த வருஷம் டிசம்பரில் அவரும் போனார்.

கேரளத்தில் பாடம் மறுபடி படிக்கப்பட்டது. எழுபதுகளில் பிளவுபட்ட அகில இந்திய முஸ்லிம் லீகோடு மார்க்ஸிஸ்டுகள் கூடியிருந்தார்கள். 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தபோது ஷரியத்தைத் திருத்தலாம் என்று ஈ. எம். எஸ். பேசினார், உறவு முறிந்தது. லீகையும் கேரள காங்கிரஸையும் விடக்கூடாது என்று மாற்று அறிக்கை எழுதிய எம். வி. ராகவனை 1986இல் நீக்கினார்கள். 1987இல் மதக் கட்சி எதுவுமில்லாமல் இடதுசாரிகள் ஜெயித்தார்கள். இதைக் கொள்கையின் வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம். 1967இல் அந்த நாற்காலியைக் கொடுத்திருக்காவிட்டால் 1985இல் அந்தப் பேச்சைக் கேட்க மலபாரில் படித்த முஸ்லிம்கள் இத்தனை பேர் இருந்திருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை. நம் பக்கம் 1999இல் தி.மு.க. வாஜ்பாய் மந்திரிசபையில் சேர்ந்து 2003 டிசம்பர் வரை இருந்தபோது உட்காருகிறவனும் உட்கார வைக்கிறவனும் இடம் மாறிக்கொண்டார்கள்.

ஆனால் தஞ்சைச் சீமையில் முற்போக்கு அரசு யாரோடு சமரசம் செய்தது என்று கேட்டால் லீகின் பெயரைச் சொல்வது கண்ணைக் கட்டும் வித்தை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு மதம் கிடையாது; அதன் பழமை மதத்தைவிடப் பழையது. கணபதியா பிள்ளை கமிஷன், 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம், 1970இல் உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து பதினைந்து. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. உச்சவரம்புச் சட்டம் பொது மத தர்மஸ்தாபனங்களின் நிலத்தைத் தொடவில்லை. காவிரிப் படுகையில் அந்த விலக்கு என்றால் என்ன என்பதை தருமபுரம், திருவாவடுதுறை என்று ஆதீனங்களின் பெயரைச் சொன்னாலே தெரிந்துகொள்ளலாம். கோயில் வயலும் மடத்து வயலும் மடத்துக்கே இருந்தன. பரம்பரை அர்ச்சகர் உரிமையை எடுக்க 1970இல் மசோதா கொண்டுவந்த பகுத்தறிவு அரசு, சந்நிதிக்குள் புகத் துணிந்த அரசு, சந்நிதியின் நெல்லைத் தொடவில்லை. அதே 1970இல் திருவாரூரில், பல வருஷமாக ஓடாமல் நின்றிருந்த தியாகேசர் கோயில் ஆழித்தேரை, கருணாநிதி முதல் மந்திரியாக இருக்க, திருச்சி பெல் தொழிற்சாலை உதவியோடு மறுபடி ஓட விட்டார்கள்.