பேச்சிழந்த பூதம்

பிராங்கன்ஸ்ரைன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மிற் பெரும்பாலோரின் மனக்கண்முன் தோன்றுவது, தட்டையான தலையும் தழும்பேறிய நெற்றியும் கழுத்திலே இரும்பாணிகளும் கொண்ட ஓர் ஊமைப் பூதமே. ஆயின், மேரி ஷெல்லி 1818ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலிலே அப்பெயர் பூதத்துக்கு உரியதன்று. அதனைப் படைத்த விக்ரர் என்னும் இளைஞனின் குடும்பப் பெயர் அது. பூதத்துக்குப் பெயரேயில்லை. அது ஊமையுமன்று. படைத்தவனின் பெயர் படைப்பின்மேற் படிந்ததும், படைப்பின் பேச்சுப் பறிக்கப்பட்டதும் எவ்வாறு நேர்ந்தன? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நூல் மக்கள் மனத்தில் வாழ்ந்துவரும் வரலாற்றினை இவ்விரு மாற்றங்களும் நமக்கு உணர்த்துகின்றன.

மேரி 1797இலே பிறந்தார். பெண்களின் உரிமைகளுக்காக 1792இல் நூலெழுதிய மேரி வுல்ஸ்ரன்கிராப்ட் அவர் தாய். அரசியல் நீதியை ஆராய்ந்து 1793இல் நூலெழுதிய வில்லியம் கொட்வின் அவர் தந்தை. அவரது இளமைக்காலத்தில், இங்கிலாந்தின் கைத்தொழிற் பகுதிகளிலே வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தனர். அதற்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் நிறைவேறியது. பிரபுக்கள் சபையிலே அதனை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். அதே பைரனே 1816ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் எனத் தம் நண்பரை அழைத்தவர். அவ்வழைப்பிற் பிறந்ததே இந்நாவல். அப்பொழுது மேரிக்கு வயது 18.

பூதம் உயிர்பெற்ற உடனேயே அதன் தோற்றங்கண்டு அஞ்சி ஓடிவிடுகிறான் விக்ரர். கைவிடப்பட்ட அது, ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை அடுத்த கொட்டிலில் ஒளிந்திருந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டே மொழி கற்கிறது. மில்ரனின் காவியத்தைப் படிக்கிறது. வொல்னியின் நூல் வாசிக்கப்படக் கேட்டு, மனிதருட் சிலரிடம் செல்வம் குவிந்திருப்பதையும் பலர் வறுமையில் உழல்வதையும் அறிகிறது. நாவலின் நடுவே பல அத்தியாயங்கள் அதன் வாய்மொழியாகவே அமைந்துள்ளன. தான் நல்லியல்போடு தோன்றியதாகவும், மனிதர் காட்டிய வெறுப்பும் தனிமையுமே தன்னைக் கொடியதாக்கியதாகவும் அது வழக்குரைக்கிறது. அது செய்யும் கொலைகளை மேரி மறைக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. ஆயினும் குற்றத்தின் வேரைப் பிறப்பிலே தேடாது மனித உறவிலே தேடினார். நாவலின் ஆற்றல் இங்கேதான் உள்ளது.

இவ்வழக்குரையை முதலில் நீக்கியது நாடக மேடை. 1823 யூலையில் இலண்டனில் அரங்கேறிய நாடகத்திலே பூதம் ஒரு சொல்லும் பேசவில்லை. ரி. பி. குக் என்ற நடிகர் அதனை அபிநயத்தாலேயே நடித்துக் காட்டினார். நாவலைப் படியாதோர் பலர் கதையை அறிந்தது மேடை வழியாகவே.

அடுத்த ஆண்டே பூதம் பாராளுமன்றம் புகுந்தது. தென்னமெரிக்காவின் தெமராராவிலே, பிரித்தானியரின் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகள் 1823 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்திருந்தனர். 1824 மார்ச் 16ஆந் திகதி அடிமைகளின் நிலை பற்றிப் பேசிய வெளிநாட்டமைச்சர் ஜோர்ஜ் கானிங், அவர்களை உடனே விடுவித்தல், வளர்ந்த உடலும் வளராத அறிவுங்கொண்ட அக்கதைப் பூதத்தைப் படைப்பதற்கு ஒப்பாகும் என்ற பொருள்பட உரைத்தார். மில்ரனைப் படித்த பூதம் அமைச்சரின் வாயிலே குழந்தையறிவு கொண்டதாயிற்று. அடிமையும் சிந்திப்பான், தன் வழக்கைத் தானே உரைப்பான் என்று ஒப்புக்கொண்டால், தோட்ட முதலாளியின் நியாயம் நிலைக்குமா?

மான்செஸ்ரர் தொழிலாளரின் துயரை அனுதாபத்தோடு எழுதிய எலிசபெத் காஸ்கெல்லும் இம்மரபினின்று தப்பவில்லை. 1848இல் வெளிவந்த 'மேரி பார்ட்டன்' நாவலிலே, கல்வியற்ற மக்களை அவர் அப்பூதத்துக்கு ஒப்பிட்டார். பூதத்தையே பிராங்கன்ஸ்ரைன் எனக் குறித்ததோடு, அது வாய்திறவாது பார்வையாற் குறைகூறுவதாகவும் காட்டினார். அவரிடம் அனுதாபமாவது இருந்தது. டப்ளினில் இரு அரச அதிகாரிகள் கொல்லப்பட்டதையடுத்து, 1882இல் 'பஞ்ச்' ஏட்டிலே ஜோன் ரெனியல் வரைந்த கேலிச்சித்திரமோ, அயர்லாந்தின் கிளர்ச்சியைக் கத்தியேந்திய பூதமாகத் தீட்டியது. அயர்லாந்தின் பசியையும் நிலமின்மையையும் அச்சித்திரத்திலே காண முடியாது.

1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ஹொலிவூட் திரைப்படத்தின் பின்னர், போரிஸ் கார்லோவின் முகமே பூதத்தின் முகமாயிற்று. அந்நடிகரின் கண்களிலே துயரம் ததும்பியது உண்மையே. ஆனால் கதையிலே புதிதாய் நுழைந்த ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பூதத்தின் தலையிலே வைக்கப்படுவது குற்றவாளி ஒருவனின் மூளை! நாவலில் இதற்கு இடமேயில்லை. சமூகம் விளைவித்த குற்றம் பிறவிக் குற்றமாக மாற்றப்பட்டுவிட்டது.

இனிப் பெயர் மாற்றத்தின் பொருளும் விளங்கும். படைத்தவனின் பெயர் பூதத்தின்மேற் படிந்தபோது படைத்தவனே மறைந்துபோனான். அவனது பொறுப்பும் உடன் மறைந்தது. மரபணு மாற்றிய பயிர்கள் முதல் இன்றைய செயற்கை நுண்ணறிவு வரை, ஒவ்வொரு புதுமையையும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக்கி, அறிவியலையே பழிப்பதற்கு இந்நாவலைச் சான்று காட்டுவோர் உளர். ஆனால் விக்ரர் அறிவைத் தேடியதினும், தான் ஆக்கியதற்குப் பொறுப்பேற்க மறுத்ததே அவனது பெருங்குற்றம். கருவியைப் பழித்துவிட்டு, அதனை உடைமையாகக் கொண்டு இலாபம் பெறுவோரைக் கேளாதுவிடுவது அதே பழைய பிழையாகும்.

இந்நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர் பூதம் பேசும் அத்தியாயங்களிலிருந்து தொடங்குதல் நன்று. ஒரு கூட்டத்தாரைப் பூதமென எவரேனும் சுட்டும்போது, அவர்கள் சொல்ல வந்தது யாது, அதனைச் சொல்லவிடாது தடுத்தவர் யாவர் என வினவும் பழக்கம் மாணவரிடம் அங்கிருந்து வளரக்கூடும்.